சோத்துக் கோடு

“…சோறு வரும்னு நாந்தான சொல்லி அனுப்புனேன். பெறகு அந்தப் பிள்ளை எப்பிடிய்யா அடுப்பப் பத்தவைக்கும்?” என்று கேட்டாள் அக்கா.

நான் அவள் வீட்டு வாசலில், படி ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன். பாலவனத்தத்தில் என் அண்ணனை அடக்கம் செய்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சாவு விழுந்த கேதவீட்டுக்காரன் பதினாறாம் நாள் கழியும்வரை அடுத்தவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. அண்ணனுக்கு ஒரே மகள், ஈஸ்வரி. அமெரிக்காவில் சார்லட் என்கிற ஊரில் இருக்கிறாள். எட்டு மாத வயிறு. விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அப்பா செத்த சேதி போன நேரத்திலிருந்து மூன்று நாளாக அவள் அங்கே அடுப்புப் பற்றவைக்காமல் ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லத்தான் அக்காவிடம் போயிருந்தேன். சொல்ல என்ன, சண்டை பிடிக்கத்தான்.

நான் அத்தனையும் பேசி முடித்த பிறகு அக்கா கேட்டது அந்த ஒரு கேள்விதான். கேட்டுவிட்டு என்ன செய்தாள் என்பதற்கு வருகிறேன். அக்கா யாரென்று தெரியாமல் அது விளங்காது.

கூடப் பிறந்தவள் இல்லை, தெருவுக்கே அக்கா; வரன் பார்ப்பது தொழில். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. எனக்குப் பாத்திரக்கடை, ஒரு கல்யாணம் கூடினால் எனக்கும் ஒரு சீர்வரிசை வியாபாரம் என்பதால் அவள் வீட்டு நடமாட்டம் எனக்கு அத்துப்படி. இப்போது அவள் தெருவில் இல்லை, திருச்சுழிப் பக்கம் மகனோடு போய்விட்டாள். நினைத்தால் முதலில் வருவது அவள் கழுத்துதான். தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனை இடுக்கி இடுக்கி, ஃபோன் இல்லாத நேரத்திலும் தலை இடது பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். யாரோ தூரத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நம்மோடு பேசுகிற மாதிரி.

எங்கள் பக்கத்துப் பையன்கள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்கா போக ஆரம்பித்த பிறகு, அக்காவிடம் வந்ததில் பாதி அமெரிக்க வரன்கள். மற்ற தரகர்கள் சம்பளம் கேட்பார்கள், நட்சத்திரம் கேட்பார்கள். அக்கா ஊரைக் கேட்பாள். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவாள். கதவுக்குப் பின்னால் அமெரிக்கா மேப்பு ஒட்டியிருக்கும். அதில் ஒட்டுப்பொட்டுகள். சிவப்புப் பொட்டு என்றால் அது தெக்கத்தி ஊர், பெண் கொடுக்கலாம். கறுப்புப் பொட்டு என்றால் இல்லை. சந்தேகம் என்றால் சிவப்புப் பொட்டைக் கத்தரிக்கோலால் நறுக்கி அரைப் பொட்டு.

அமெரிக்காவில் தெக்கத்தி உண்டென்று அவளுக்குச் சொன்னது மெம்பிஸ் என்கிற ஊரிலிருந்து லீவில் வந்த ஒரு பையன். பெரியவர்களை அம்மா, ஐயா என்று கூப்பிடுகிறார்கள் அத்தை என்றான். வெண்டைக்காய் தின்கிறார்கள், தட்டாம்பயறு அவிக்கிறார்கள், கடைக்காரம்மா முகம் தெரியாத ஆளைக்கூட ‘கண்ணு’ என்கிறாள் என்றான். பருத்தி விளைந்த பூமி என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். “அட, நம்ம கரிசக்காடு!”

பையன் நல்ல பையன், மிச்சத்தையும் மறைக்காமல் சொன்னான். அந்தப் பருத்தியை எடுத்த கறுப்பு மக்களை விலைக்கு வாங்கி அடிமையாக வைத்திருந்தார்கள், அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்றான். அக்கா சொன்னாள்: “விருந்துன்னா வாசல்ல வந்து கூப்புடுவாக. அடுத்த தெருக்காரன் உள்ள வந்துட்டா வெட்டவும் வருவாக. அப்பிடித்தான? சரிதான், அதுலயும் தெக்கத்திதான்.” இதை அவள் சிரிக்காமல்தான் சொன்னாள்.

அதற்கு முன்னால் ஒரு பெண்ணை வடக்கே, பெயர் வேண்டாம், ஒரு பெரிய குளிரூருக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். வாயாடிப் பிள்ளை. இரண்டு வருசம் கழித்து வந்தபோது ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பதில். அது அக்காவை உலுக்கிவிட்டது. “தெக்கத்திப் பிள்ளைக்கு வாயிதான்யா நெஞ்சு. பேச ஆளில்லன்னா மூச்சு முட்டிரும்” என்பாள். குளிரூர் வரன் வந்தால் ஜாதகத்தை வாங்க மாட்டாள். “குளிருக்குப் போர்வை இருக்கு. கதவச் சாத்திக்கிட்டு இருக்கிற ஊருக்கு என்னத்தப் போத்துறது?”

பொட்டு வைக்க அவளிடம் மூன்று கேள்விகள் இருந்தன. கடையில் நிற்கிற பொம்பளை முகம் தெரியாதவளைக் கண்ணு, தாயி என்பாளா? பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியுமா? பிணம் போகிற வண்டி வந்தால் எதிரே வருகிறவன் காரை ஓரங்கட்டி நிற்பானா?

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகன் மியாமியில் இருக்கிறானாம்.

“அமெரிக்காவுக்கே தெக்குக் கோடிம்மா அது. அதுக்கங்கிட்டு கடல்தான்.”

“கடல் கெடக்கட்டும் மாமா. மகன் அங்க போயி எத்தனை வருசம்?”

“நாலு.”

“பக்கத்து வீட்டுக்காரன் பேரு என்னன்னு கேட்டுச் சொல்லுங்க.”

பெரியவர் அங்கேயே மகனுக்கு ஃபோன் போட்டார். “எதுக்குப்பா?” என்று மகன் கேட்டது எங்களுக்கும் கேட்டது. அக்கா அட்டையிலிருந்து ஒரு கறுப்புப் பொட்டை உரித்துவிட்டாள்.

“ராமேஸ்வரத்துக்குத் தெக்கயும் கடல்தான் கெடக்கு. மீனு என்ன தெக்கத்தித் தமிழா பேசுது?”

பெரியவருக்கு ரோசம். “என் பக்கத்துக்காட்டுக்காரன் பேரு எனக்குத் தெரியும்மா. அவன்மேல மூணு கேஸு போட்டிருக்கேன்.”

“அதுதான் மாமா தெக்கத்தி. கேஸு போடவாவது பேரு தெரியணும்ல.”

டல்லாஸுக்கு அரைப் பொட்டு. “பேச்சு தெக்கத்தி, நடை மெட்ராஸு.” அட்லாண்டாவுக்குச் சிவப்பு வைத்து, அங்கே ரோட்டில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், யாரும் வழிவிடுவதில்லை என்று ஒருத்தி அழுததும் உரித்து, மறுபடி வைத்தாள். “வந்தேறுனவுக கூடிப்போச்சு. இருக்கட்டும், வேரு இருக்கு.” நியூ ஆர்லியன்ஸுக்கு எந்தப் பொட்டும் இல்லை. “அது தனி ராஜ்ஜியமாம்ல. நம்ம கணக்குக்குள்ள வராது.”

ஒருநாள் நான் என் ஃபோனில் தேடி எடுத்துக்கொண்டு போனேன். நமக்குப் படிப்பு கம்மி. அதனால் படித்ததைக் காட்ட ஆசை அதிகம். “அக்கா, அமெரிக்க சர்க்காரே எதெது தெக்குன்னு பட்டியல் போட்டிருக்கு. நீங்க கறுப்பு வச்சிருக்கீங்களே பால்டிமோரு, அது இருக்கிற மாநிலமும் அதுல இருக்கு.”

அக்கா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“சர்க்காரு கோடு வேற தம்பி. சோத்துக் கோடு வேற.”

சோத்துக் கோடு என்று அவள் சொன்னது நாலாவது கேள்வியை. அந்த நாலாவது கேள்வி கொரோனாவுக்குப் பிறகு சேர்ந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

கொரோனாவில் அக்காவின் வீட்டுக்காரர் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மகன் வெளியூரில், வர முடியவில்லை. யாரும் போகவர முடியாதபடி தெருமுனையில் தட்டி கட்டி அடைத்திருந்தது. எங்கள் பக்கம் கேதவீட்டில் அடுப்பு எரியாது. சொந்தமும் அக்கம்பக்கமும் வேளைக்கு வேளை சோறு கொண்டுபோக வேண்டும். சண்டைக்காரன்கூட அன்றைக்கு ஒரு தூக்குவாளியோடு வந்துவிடுவான். அந்த முறை என் மனைவி சோறு வடித்து, பருப்பு கடைந்து, தூக்குவாளியில் போட்டு என் கையில் கொடுத்தாள். நான் எங்கள் வாசல்வரை போனேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நான் வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அப்புறம் கொடுக்கலாம், அப்புறம் கொடுக்கலாம் என்று பொழுது போய்விட்டது. மூன்றாவது வீடு. இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து புகை வந்தது. அவளே பற்றவைத்துவிட்டாள்.

அதைப் பற்றி அவள் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தட்டி எடுத்த மறுமாதம், அமெரிக்காவில் தான் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் ஃபோன் போட்டுப் புதிதாக ஒன்று கேட்க ஆரம்பித்தாள். “தாயி, உங்க ஊருல செத்த வீட்டுக்கு யாரு சோறு கொண்டாருவா?”

எனக்கு வியப்பு என்னவென்றால், பதில் வந்தது. மெம்பிஸில் கொண்டுவருகிறார்களாம். பர்மிங்காமில் பெரிய பெரிய தட்டில் மூடிக் கொண்டுவந்து, தட்டின் அடியில் தங்கள் பெயரை எழுதி ஒட்டி வைத்துவிட்டுப் போகிறார்களாம், பிறகு வந்து வாங்கிக்கொள்ள. “நம்ம வாளில பேரு வெட்டியிருக்கிற மாதிரி!” என்று அக்கா என் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவன். சிரித்து வைத்தேன். சிரிப்பு உதட்டோடு நின்றது.

சார்லட்டுக்கு ஒரே ஒரு சாட்சி. பந்தல்குடிப் பிள்ளை ஒன்று, அக்கா கட்டிக்கொடுத்ததுதான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா செத்தபோது தெருவே சோறு கொண்டுபோனது, நானும் எலுமிச்சம் சாதம் கிண்டிக் கொடுத்தேன் என்று அது சொன்னது. அடுத்த வருசமே அந்தப் பிள்ளையின் புருசன் அதை விட்டுவிட்டுப் போனான். பையனைப் பற்றி அக்கா சரியாக விசாரிக்கவில்லை என்பது உண்மை. ஊரை விசாரித்த அளவுக்கு ஆளை விசாரிக்கவில்லை. பிள்ளையின் அம்மா பந்தல்குடியிலிருந்து வந்து அக்கா வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அக்கா வாசலைக் கூட்டினாள். உள்ளே போய்ச் சார்லட்டின் சிவப்புப் பொட்டை எடுத்துவிட்டு அரைப் பொட்டு வைத்தாள்.

ஈஸ்வரிக்குச் சார்லட் மாப்பிள்ளை அமைந்தது அதற்குப் பிறகு. நல்ல பையன், விருதுநகர்க் குடும்பம். அண்ணனுக்குப் பிடித்துவிட்டது, ஆனால் “அக்கா என்ன சொல்றாக?” என்று அதிலேயே நின்றார். நான் போய் அக்காவை நெருக்கினேன்.

“அரைப் பொட்ட முழுசாக்குங்கக்கா.”

“ஒத்தச் சாட்சி தம்பி. அந்தச் சாட்சியும் இப்ப என்கூடப் பேசுறதில்ல.”

நான் விடவில்லை. மாப்பிள்ளைக்கே ஃபோன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவன் சொன்னான்: “அத்தை, நாங்க இருக்கிற அபார்ட்மெண்ட்டு பூரா நம்ம ஆளுகதான். பொங்கல் வச்சா அறுபது குடும்பம் கூடும்.”

அக்காவின் சாய்ந்த தலை மெதுவாக நேரானது. “நம்ம சனமா? அம்புட்டுப் பேருமா?” ஃபோனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “நம்ம சனம் இருந்தா பெறகென்ன தம்பி. வெள்ளைக்காரனே கொண்டாரும்போது நம்ம ஆளு கொண்டாராமயா இருப்பாக? அன்னைக்கு… அது நோவு. பயந்துட்டாக. இல்லன்னா வராம இருந்திருப்பாகளா?”

நான் தரையைப் பார்த்தேன். அவள் கதவுக்குப் பின்னால் போய் அரைப் பொட்டின் மேலேயே ஒரு முழுப் பொட்டை ஒட்டினாள். கல்யாணத்தன்று ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “பயப்படாத தாயி. நல்லது கெட்டது எதுன்னாலும் அங்கயும் சோறு வரும். நீ கதவ மட்டும் தெறந்து வையி.”

அண்ணன் செத்தது ஒரு விடியலில், நெஞ்சுவலி. ஆண்பிள்ளை இல்லாத வீடு. மருமகன் வந்துதான் எடுக்கணும் என்று பிடிவாதம் பிடித்தது நாங்கள். நான்தான். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். மாப்பிள்ளை எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை விட்டுவிட்டுக் கிளம்பி வந்தான். அறுபது குடும்பம் இருக்கும் தைரியத்தில். இங்கே பாலவனத்தத்தில் எங்களுக்குச் சோறு வந்து குவிந்தது. வைக்க இடமில்லாமல் அண்டாவில் கொட்டினோம்.

ஈஸ்வரி புருசனிடம் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம் நான் பேசியபோது குரலைக் கேட்டுப் பயந்துபோனேன்.

“என்னத்தாயி சாப்பிட்ட?”

“ரொட்டி கெடந்துச்சு சித்தப்பா.”

“யாரும் வரலையா?”

“வரல. ஃபோன்லதான் கும்புடுற கையா வந்துக்கிட்டு இருக்கு. எண்ணிப் பாத்தேன், அம்பத்தேழு கை.”

“அரிசி இருக்குல்ல. ஒரு உலை வையேன்மா, வகுத்துல பிள்ளை இருக்குல்ல.”

“கேதவீட்டுல அடுப்பு எரியலாமா சித்தப்பா? அப்பாவுக்கு நான் வேற என்னத்தச் செய்ய முடிஞ்சது? அத்தை சொல்லிவிட்டாகள்ல, வரும், கதவத் தெறந்து வையின்னு. தெறந்துதான் வச்சிருக்கேன்.”

பைக்கை எடுத்தேன். பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் வழியெல்லாம் அக்காவைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று அத்தனையும் கொட்டினேன். பொட்டு வச்சுப் பொட்டு வச்சு ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டுட்டீங்களே என்றேன். உங்க தெக்கத்தி எங்கக்கா என்றேன். அபார்ட்மெண்ட்டு பூரா நம்ம சனம்னு சொன்னீங்களே என்றேன். சொல்லி முடித்ததும்தான், அதைச் சொல்ல வைத்தவன் நான் என்பது எனக்கு உறைத்தது. அப்போதுதான் அவள் கேட்டாள், அந்தப் பிள்ளை எப்படி அடுப்பைப் பற்றவைக்கும் என்று.

கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். “ஒன் ஃபோனக் குடு. என் நம்பருன்னா எடுக்காது.”

மனப்பாடமாக நம்பரைப் போட்டாள். சாயங்காலம் ஆறு மணி இருக்கும், அங்கே காலை. மணி அடித்தது. எடுத்தது பந்தல்குடிப் பிள்ளை. பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம்.

“ஹலோ, யாரு?”

“வச்சிராத தாயி. நாந்தான்.”

குழாய்ச் சத்தம் நின்றது.

“ஒங்க அம்மா தூத்துன மண்ணு எனக்குத் தகும். நான் மன்னிப்புக் கேக்க வரல, அதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. ஒங்க ஊருல நம்ம பக்கத்துப் பிள்ளை ஒண்ணு இருக்கு. அப்பா செத்துட்டாக. எட்டு மாசம். புருசன் இங்க வந்திருக்கான். மூணு நாளா அடுப்புப் பத்தவைக்காம, சோறு வரும்னு ஒக்காந்திருக்கு.”

“வரும்னு யாரு சொன்னது?”

“நான்.”

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம்.

“அப்ப ஒங்க வார்த்தைய நம்புனவ இன்னொருத்தியும் இந்த ஊருல இருக்கா.”

அக்கா ஃபோனைத் தோளில் இடுக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அட்ரஸ அனுப்பச் சொல்லுங்க. ஒங்களுக்காக இல்ல” என்றது பிள்ளை. ஃபோன் அணைந்தது.

நான் அட்ரஸை அனுப்பினேன். வாட்ஸப்பில் இரண்டு கோடும் நீலமாகும்வரை அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனதும் கதவுக்குப் பின்னால் போனாள். நகத்தால் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. மேலே இருந்த முழுப் பொட்டா, அதற்கடியில் இருந்த பாதியா, இரண்டுமா, தெரியவில்லை. அக்கா என்று கூப்பிட வாயெடுத்தேன். கொரோனாவின்போது வாசலைத் தாண்டாத அந்த வாளியைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

“படி ஏறி வாய்யா” என்றாள் உள்ளேயிருந்து.

“கேதவீட்டு ஆளுக்கா நான். ஏறக் கூடாது.”

“அதுக்குத்தான் கூப்புடுறேன். மூணு வீடு தள்ளி இருக்கிறவ செய்யவேண்டிய மொறை என்னய்யா?”

ஏறினேன். தட்டை வைத்தாள். அடுப்படி மேடையில் இருந்த கருவாட்டுக் குழம்புச் சட்டியைக் கேதத்துக்கு ஆகாதென்று மூடி ஓரமாகத் தள்ளினாள். சோற்றைப் போட்டு, நடுவில் குழி பறித்து, ரசத்தை ஊற்றினாள்.